‘மெகா’ என்னும் பெரிய சொல்

கிரேக்க மொழியில் ‘மெகாஸ்’ என்றால் ‘பெரிய’ என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘மெகா’, ‘மெகாலோ’ என்னும் முன்னொட்டுகள் பல ஆங்கிலச் சொற்களுக்குத் தலையாக நிற்கின்றன. ‘போன்’ என்பது ஒலி. குரலைப் பெருக்கிக் காட்டும் குழல் மெகாபோன். ‘லித்’ என்பது கல். பழங்காலப் பெருங்கல் மெகாலித். அளவைகளிலோ இதற்குத் திட்டமான மதிப்பு உண்டு: ஒரு மெகாவாட் 10,00,000 வாட். ‘மேனியா’ என்பது பித்து. தன்னையே மாபெரும் ஆளாக எண்ணும் பித்து மெகாலோமேனியா.

இதே வேர் லூக்கா நற்செய்தியிலும் (1:46) உண்டு. அன்னை மரியாளின் புகழ்ப்பாடல் கிரேக்கத்தில் ‘மெகாலூனெய்’ என்றே தொடங்குகிறது. ‘பெருமைப்படுத்துகிறது’ என்பது அதன் பொருள். அன்னை பெருமைப்படுத்தியது தம்மையன்று, ஆண்டவரை! வேர் ஒன்றே, யாரைப் பெரிதாக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.