கையெழுத்துக்காகக் கழிந்த வாரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகப்பேற்றுப் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதைக் கடந்தவர். இரண்டு குழந்தைகளின் தாய். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் கணவர் விடுமுறை முடிந்து திரும்பிய பின்னரே, தாம் கருவுற்றிருப்பது அவருக்குத் தெரியவந்தது. ஆணுறை பயன்படுத்தியும் பலனில்லாமற் போயிருந்தது. மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் தொலைபேசியிலேயே பேசி முடிவெடுத்தனர். ஏழாவது வாரத்தில் அவர் வேறோர் இடத்துக்குச் சென்றார். "கணவர் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது, சட்டம் அப்படி" என்று அங்கே கூறி அனுப்பிவிட்டனர். அவரும் அதை நம்பிக் காத்திருந்தார். கணவர் மீண்டும் ஊர் வந்து, இருவரும் என் முன் அமர்ந்தபோது கருவுக்கு இருபத்திரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை என்பதையும், இனி அவருக்கு நான் கருக்கலைப்புச் செய்ய இயலாது என்பதையும் ஒரே நேரத்தில் அவரிடம் கூற வேண்டியிருந்தது. அவருடைய இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். இதே தவறான தகவலோடு இன்றும் பெண்கள் வருகின்றனர்.

சட்டம் பிறந்த விதம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. இதனால் கருக்கலைப்புகள் நின்றுவிடவில்லை, மறைவிடங்களுக்குச் சென்றன. குச்சிகளாலும் நாட்டு மருந்துகளாலும் முயன்று, நச்சுக்கிருமித் தொற்றோடும் இரத்தப்போக்கோடும் மருத்துவமனைக்கு வந்த பெண்கள் பலர் உயிரிழந்தனர். இந்நிலையை ஆராய 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து, மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் அமைப்பை உணர்ந்தால்தான் இன்றைய விவாதம் விளங்கும். அது பெண்ணுக்குக் கருக்கலைப்பை ஓர் உரிமையாக வழங்கவில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளின்கீழ்ச் செயல்படும் மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கருக்கலைப்பு குற்றப் பிரிவிலேயே இடம்பெறுகிறது. அதனால்தான் சில மருத்துவர்கள் தேவைக்கு மீறிய அச்சத்தோடு, சட்டம் கேட்காத காகிதங்களையெல்லாம் கேட்கின்றனர்.

இன்று சட்டம் கூறுவது

2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான பாதிப்பு, குழந்தைக்குத் தீவிரக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். கருத்தடை முறை தோல்வியுற்றதால் உண்டான கருவும், வன்புணர்வால் உண்டான கருவும் மனநலத்தைக் கடுமையாகப் பாதிப்பவை என்றே சட்டம் கருதுகிறது. முன்பு கருத்தடைத் தோல்வி பற்றிய பிரிவில் மணமான பெண் என்று இருந்தது. இப்போது பெண் என்று மட்டுமே உள்ளது.

இருபது முதல் இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். இது சில பிரிவினருக்கு மட்டுமே உரியது: பாலியல் வன்முறைக்கு ஆளானோர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கருவுற்றிருக்கும்போது கணவரை இழந்தோர் அல்லது மணமுறிவு பெற்றோர், மாற்றுத்திறனாளிகள், மனநோயுற்றோர், கருவில் குறைபாடு கண்டறியப்பட்டோர், பேரிடர்ச் சூழலில் சிக்கியோர். நான் மேலே குறிப்பிட்ட பெண் இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. இருபத்து நான்கு வாரத்துக்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் அனுமதி உண்டு. வாரியம் மூன்று நாள்களுக்குள் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை எழுந்தால் வார வரம்பு குறுக்கே நிற்காது.

பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் வாய்ந்த பெண்ணுக்கு அவருடைய இசைவு ஒன்றே போதும். கணவர், பெற்றோர், மாமியார் எவருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை.

எங்கே கருத்து வேறுபடுகிறது?

கருவுற்ற கணத்திலேயே ஓர் உயிர் தொடங்கிவிடுகிறது, அதைக் காப்பது நம் கடமை என்று கருதுவோர் உள்ளனர். தன் உடலில் நிகழ்வதைப் பற்றிய முடிவு அந்தப் பெண்ணுக்கே உரியது என்போரும் உள்ளனர். குறைபாடுள்ள கருவுக்கு மட்டும் வார வரம்பைத் தளர்த்துவது, மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைத் தாழ்வாக மதிப்பதாகாதா என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அல்ல அது.

நீதிமன்றங்களிலும் இந்த இழுபறி தெரிகிறது. மணமாகாத இருபத்தைந்து வயதுப் பெண்ணொருவரின் வழக்கில், இருபது முதல் இருபத்து நான்கு வாரத்துக்கான விதியிலிருந்து மணமாகாதோரை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வால் துயருற்ற, இரு குழந்தைகளின் தாய் ஒருவர் ஏறத்தாழ இருபத்தாறு வாரத்தில் அனுமதி கோரினார். இரு நீதிபதிகளின் கருத்து மாறுபட்டது. இறுதியில் மூவர் அமர்வு அனுமதி மறுத்தது.

இவ்விவாதம் விரைவில் முடியாது. முடிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் இரு தரப்பினரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. வாரங்கள் கூடக்கூடச் சிகிச்சையின் ஆபத்தும் மனச்சுமையும் கூடுகின்றன. தவறான தகவலால் நேரும் தாமதம் எவருடைய அறத்துக்கும் துணைபுரிவதில்லை.

நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கருவின் வயது, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் ஏற்கெனவே ஐந்து வாரம் ஆகிவிட்டது என்று பொருள்.

மாத்திரைகளால் கருக்கலைப்பு ஒன்பது வாரம் வரைதான். அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உண்ணாதீர்கள். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே உண்டிருந்து, மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல், மயக்கம், கடும் வயிற்றுவலி இருந்தாலோ உடனே வாருங்கள். என்ன உண்டீர்கள் என்று நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே.

சட்டப்படி தடைசெய்யப்பட்டிருப்பது கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் அதன் அடிப்படையில் கலைப்பதுமே. அதைக் கருக்கலைப்புக்கே தடை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். கருத்தடை அறுவை செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று எவரும் நிபந்தனை விதிக்க இயலாது. உங்கள் பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடுவது தண்டனைக்குரியது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருந்தாலும், பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது.

உடன் வரும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். சிறிது நேரம் அந்தப் பெண்ணிடம் தனியே பேச நாங்கள் விரும்புவோம். உங்கள்மீது ஐயம் கொண்டு அல்ல; அவர் மனத்தில் உள்ளதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதற்காக.

அந்தப் பெண்ணின் மூன்றாவது குழந்தை எங்கள் மருத்துவமனையிலேயே நலமாகப் பிறந்தது. தடுப்பூசிக்குத் தூக்கிவந்த ஒரு நாள் அவர் கூறினார்: "குழந்தை மேல் ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மா. உயிராகத்தான் வளர்க்கிறேன். ஆனால் அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லையே." அவருக்கு என்னிடம் விடை இல்லை.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இத்தகைய ஐயம் இருப்பின், கையெழுத்துக்காகவோ நல்ல நாளுக்காகவோ காத்திராமல் இந்த வாரமே வந்து கேளுங்கள். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுத்த பிறகுதான் வர வேண்டும் என்பதில்லை.