பழைய லேப்டாப், புதிய லினக்ஸ்: கோளாறு எங்கே நிற்கிறது?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் நடந்த விழாவில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்துவந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகளும், மூடியில் முதல்வர் படம் போட்ட அந்தக் கணினியுடன் வீட்டுக்கு வந்தார்கள். தமிழகம் முழுக்க சுமார் 50 லட்சம் கணினிகள் இப்படிப் போய்ச் சேர்ந்தன.

தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றொன்று பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது பாஸ். அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்களே அதிகம். ஆனால் காலம் அதன் பக்கம் திரும்பிவிட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இந்தப் பழைய கணினிகளில் கிடையாது. ஆகவே, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த லினக்ஸ்தான் நடைமுறை வழி. அந்த லினக்ஸையும் அவ்வப்போது அப்கிரேடு செய்தாக வேண்டும்.

ஓடுகிற வரை ஓடட்டும் என்று பழைய பதிப்பிலேயே விட்டுவைத்தால் என்ன? 2021 செப்டம்பர் 30 அன்று, பல இணையதளங்களின் நம்பகத்தன்மைக்கு அடித்தளமாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. காலத்தோடு புதுப்பிக்கப்படாத கணினிகளில் அன்று முதல் எத்தனையோ தளங்கள் திறக்க மறுத்தன. கல்வி உதவித்தொகை, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பு என்று குப்பத்து வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இணையதளங்களில்தான் இருக்கிறது. அப்கிரேடு தேவைதான். சிக்கல் அதற்கு மறுநாள் காலை தொடங்குகிறது: திரை கறுப்பாக நிற்கும், வைஃபை காணாமல் போகும், உலாவி திறக்க ஐந்து நிமிடம் ஆகும்.

அப்கிரேடா, உப்புக் காற்றா?

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே உப்பு ஈரம் லேப்டாப்புக்குள்ளும் போகிறது. ரேம் செருகியிருக்கும் இடம், வைஃபை அட்டையின் முனைகள், ஹார்ட் டிஸ்க் இணைப்பு ஆகியவற்றில் மெல்லிய படலம் படியும். இத்தனை நாள் தட்டுத்தடுமாறி ஓடிய கணினியில் அப்கிரேடு ஓடும்போது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் மாற்றி எழுதப்படலாம். ஹார்ட் டிஸ்கும் ரேமும் மணிக்கணக்கில் உழைக்கும். நலிந்த உறுப்பு அன்றைக்குத்தான் கைவிடும். பழி மட்டும் லினக்ஸ் மேல் விழும். படகு எஞ்சின் கிளம்பாவிட்டால் டீசல் வருகிறதா என்று பார்த்த பிறகுதானே ஸ்பேனரை எடுப்போம்? இங்கேயும் அந்த வரிசைதான்.

இதைப் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. லினக்ஸை ஹார்ட் டிஸ்கில் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு லைவ் யூஎஸ்பி என்று பெயர். இரண்டு பென் டிரைவ்கள் வேண்டும். ஒன்றில் நீங்கள் முன்பு வைத்திருந்த பழைய பதிப்பு, மற்றொன்றில் இப்போது ஏற்றிய புதிய பதிப்பு. பழையதில் வைஃபை வேலை செய்து புதியதில் செய்யவில்லை என்றால், லினக்ஸின் மையக் கருவான புதிய கெர்னலுக்கோ, அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு நிரலான ஃபர்ம்வேருக்கோ உங்கள் அட்டையோடு ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் வேலை செய்யவில்லை என்றால் அநேகமாக அட்டையேதான் பழுது; லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. இரண்டிலும் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் பெட்டி நலம். அப்கிரேடு அரைகுறையாக நடந்திருக்கிறது, அல்லது பழைய அமைப்புக் கோப்பு ஏதோ குறுக்கே நிற்கிறது. என் கணக்கில், மற்ற எல்லா வைத்தியமும் இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

வன்பொருள் என்று தெரிந்தால் பார்க்க வேண்டியவை மூன்று. ரேமை லைவ் யூஎஸ்பியின் தொடக்கப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும் மெம்டெஸ்ட் கொண்டு ஓர் இரவு முழுக்கச் சோதிக்கலாம். பிழை வந்தால் கழற்றி, முனைகளைத் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் மோசமான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், முதலில் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பலர் கண்டுகொள்ளாதது: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி. பத்துப் பதினைந்து ஆண்டில் அது செத்துப்போயிருக்கும். லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் போய்விட்டிருந்தால், மின்சாரம் நின்றவுடன் கணினி தேதியை மறந்துவிடும். தேதி பின்தங்கிய கணினியில் இணையதளங்கள் ‘இணைப்பு பாதுகாப்பற்றது’ என்று சொல்லும். மென்பொருள் களஞ்சியத்தின் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அப்கிரேடே மறுக்கும். பார்ப்பவருக்கு இன்டர்நெட் கோளாறு போலவே தெரியும். தேதியைக் கையால் சரிசெய்தால் அத்தனையும் உடனே தீரும். ஒரு சிறிய பேட்டரிக்காகச் சிலர் முழு இயங்குதளத்தையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள்.

திரை எந்த இடத்தில் நிற்கிறது?

பெட்டி நலம் என்று உறுதியானால், அடுத்த கேள்வி: கணினி எந்தக் கட்டம் வரை வருகிறது? பவர் போட்டதும் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தால், சற்றே புதிய கணினிகளில் எஸ்கேப் விசையைத் தட்டினால், கிரப் என்ற பட்டியல் தோன்றும். அதில் மேம்பட்ட தேர்வுகள் என்ற வரிக்குள் பழைய கெர்னலும் இருக்கும். அப்கிரேடு முடிந்ததும் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை நீக்கிவிடாதீர்கள். பழைய கெர்னலில் கணினி எழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: குற்றவாளி புதிய கெர்னல் என்று தெரிந்துவிட்டது, வேலையும் தடைபடாது.

பழைய கெர்னலிலும் திரை கறுப்பு என்றால், கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகம் போக வேண்டும். கிரப் பட்டியலில் ஆங்கில ‘இ’ எழுத்தைத் தட்டி, கெர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கினால் எளிய காட்சி முறையில் திரை வரும். அது தற்காலிகத் தீர்வுதான். அரசு லேப்டாப்களில் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேசைக்கணினியில் பழைய என்விடியா அட்டை இருந்தால் தலைவலி நிச்சயம். அந்த நிறுவனம் 340 வரிசை டிரைவருக்கான ஆதரவை 2019 இறுதியிலும், 390 வரிசைக்கு 2022 இறுதியிலும் நிறுத்திவிட்டது. புதிய கெர்னலில் அவை ஏறாது. அவற்றைக் கழற்றிவிட்டு நூவோ என்ற திறந்த டிரைவருக்கு மாறுவதே வழி. விளையாட்டுக்கு உதவாது, விண்ணப்பம் போடப் போதும்.

வைஃபைக்கு வருவோம். இது பெரும்பாலும் ஃபர்ம்வேர் பிரச்சினை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஃபர்ம்வேர் கோப்புகளைத் தனிப் பிரிவாகப் பிரித்து வைத்தது. பழைய களஞ்சியப் பட்டியலோடு அப்கிரேடு செய்தவர்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற அந்தப் பிரிவைத் தாமாகச் சேர்க்காவிட்டால் புதிய ஃபர்ம்வேர் வராது. பிராட்காம் அட்டைகள் இன்னும் அடம்பிடிப்பவை. அவற்றில் சிலவற்றின் டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கட்டியாக வேண்டும்.

வைஃபையைச் சரிசெய்யவே இன்டர்நெட் வேண்டுமே, எங்கே போவது? கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். வைஃபை அட்டையின் தயவே இல்லாமல் கணினிக்கு இணையம் வந்துவிடும். ஊரில் பிராட்பேண்டு இல்லாத வீட்டுக்கு இதைவிட உதவும் குறிப்பு வேறில்லை.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் நகர மறுக்கிறது என்பது வேறு வகைப் புகார். 2 ஜிபி ரேமில் நோம் போன்ற பெரிய முகப்பை ஓட்டுவது வீண். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி முகப்புக்கு மாறுங்கள். உபுண்டு என்ற லினக்ஸின் 22.04, அதற்குப் பிந்தைய பதிப்புகளில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஸ்னாப் என்ற பொதியாக வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் அது முதல்முறை திறக்க நெடுநேரம் பிடிக்கும். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இலோ வேறொரு மாற்றம்: தற்காலிகக் கோப்புகளுக்கான இடம் ஹார்ட் டிஸ்கிலிருந்து ரேமுக்கு மாறிவிட்டது. ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். நிறைய ரேம் உள்ள கணினிக்கு நல்ல யோசனை. 2 ஜிபி கணினிக்குத் தொல்லை. அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்க முடியும், நிறுத்திவிடுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சிறிய எஸ்எஸ்டி போடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம்.

பாதியில் போன மின்சாரம்

பேட்டரி செத்த லேப்டாப், வடகிழக்குப் பருவமழை, நடு அப்கிரேடில் மின்வெட்டு. மூன்றும் சேர்ந்தால் கணினி இரண்டு பதிப்புகளுக்கு நடுவே தொங்கிவிடும். பெரும்பாலும் இது மீட்கக்கூடியது. கிரப் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பாதியில் நின்ற தொகுப்புகளை அமைத்து முடிக்கச் சொல்லும் டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு திரை நின்றால், வட்டின் கோப்பு முறைமையைப் பழுதுபார்க்க எஃப்எஸ்சிகே கட்டளை வேண்டும். இடப் பற்றாக்குறையும் இதே மாதிரி நடுவழியில் நிறுத்தும். பூட் பகுதி தனியாக இருந்தால், டெபியன் 13-க்கு அது 768 எம்பியாவது இருந்து, அதில் 300 எம்பி அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும். மிச்சாங் புயல் வந்த டிசம்பர் போன்ற மாதங்களில் அப்கிரேடை ஒத்திப்போடுவது நல்லது.

அப்கிரேடே வேண்டாத இடங்களும் உண்டு. பள்ளியில் தந்த பழைய பாஸ் லினக்ஸ் அப்படியே இருக்கிறதென்றால் அதை மேம்படுத்த முயலாதீர்கள். டெபியன் குடும்பத்தில் பதிப்புகளைத் தாவிச் செல்ல முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். பழைய பதிப்புகளின் களஞ்சியங்களும் இடம் மாறிவிட்டன. கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதுதான் அறிவுடைமை.

இன்னொன்று 32 பிட் விவகாரம். டெபியன் 13 முதல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் அதற்கு முன்பே கைகழுவிவிட்டன. ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்த இயங்குதளம். அது ஏறியிருந்த கணினியும் 32 பிட்தான் என்று நினைத்து, 32 பிட் லினக்ஸையே ஏற்றியவர்கள் உண்டு. அதே கணினியின் செயலி 64 பிட்டாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. எல்எஸ்சிபியூ என்ற கட்டளை ஒரு நொடியில் சொல்லிவிடும். 64 பிட் என்றால் 64 பிட் லினக்ஸைப் புதிதாக நிறுவுங்கள். உண்மையிலேயே 32 பிட் ஆட்டம் செயலி என்றால் டெபியன் 12-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

இத்தனைக்கும் பிறகு சிக்கினால் தமிழிலேயே கேட்க ஆளிருக்கிறார்கள். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம், சென்னை லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு ஆகியவை தன்னார்வலர்களால் நடப்பவை. ‘கம்ப்யூட்டர் ஓடல’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறினீர்கள், திரை எந்த வரியில் நிற்கிறது, பழைய கெர்னலிலும் லைவ் யூஎஸ்பியிலும் என்ன நடந்தது என்று எழுதி, திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். பழவேற்காட்டிலிருந்து கேட்பவர்கள், கணினி எத்தனை ஆண்டாகக் கடலோர வீட்டில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.