தேக்கரண்டி அளவு வெடிமருந்து



இரண்டாம் உலகப் போர் என்றதும் பீரங்கிகளும் விமானங்களும்தாம் நம் கண்முன் வந்து நிற்கின்றன. இன்று நான் சொல்ல வந்திருப்பதோ தேக்கரண்டியால் அளக்கக்கூடிய ஒரு போராட்டத்தைப் பற்றி.

ரோசா ரொபோட்டா 1921-ஆம் ஆண்டு, போலந்து நாட்டின் செகானுஃப் என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1942 நவம்பரில் அவ்வூர் யூதர்களை நாஜிகள் ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினர். குடும்பத்தார் நச்சுவாயுவுக்கு இரையாயினர். உழைக்கத் தக்கவர் என ஒதுக்கப்பட்ட ரோசாவுக்குத் துணிகளைப் பிரித்து அடுக்கும் வேலை தரப்பட்டது.

அம்முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவில் நான்கு பெரிய தகனக் கூடங்கள் இருந்தன. கொல்லப்பட்டவர்களின் உடல்களை எரிக்கும் வேலையும் யூதக் கைதிகள் தலையிலேயே சுமத்தப்பட்டது. அவர்களும் ஒருநாள் கொல்லப்படுவர். அந்த இடத்துக்கு வேறு கைதிகள் வருவர். தகனக் கூடங்களைத் தகர்க்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். தகர்க்க மருந்து வேண்டுமே!

மருந்து அருகிலேயே இருந்தது. யூனியன் என்ற ஆயுதத் தொழிற்சாலையில் கைதிப் பெண்கள் குண்டுகளின் திரிப் பகுதிக்கு வெடிமருந்தை நிரப்பி வந்தனர். ரோசாவின் ஊர்க்காரரான நோவா சப்லுடோவிச் அவரை அணுகி, அப்பெண்களிடமிருந்து மருந்து பெற்றுத் தர முடியுமா என்று கேட்டார். ரோசா இசைந்தார்.

ரெஜினா சஃபிர்ஸ்டைன், எஸ்தர் வைச்புளூம் முதலிய பெண்கள் மருந்தைச் சிறிது சிறிதாகத் துணியில் முடிந்து ஆடைக்குள் மறைத்தனர். வழியில் சோதனை நடக்கும் என்று தெரிந்தால் முடிச்சை அவிழ்த்துக் கொட்டி, காலால் மண்ணோடு தேய்த்துவிடுவர். ஆலா கெர்ட்னர் போன்றோர் கைமாற்ற, அது ரோசாவிடம் வந்து, அவர் வழியாகத் தகனக் கூடத்து ஆண்களைச் சென்றடைந்தது. மூன்று பெண்கள் நாள் முழுதும் முயன்றாலும் இரண்டு தேக்கரண்டிதான் தேறும் என்று அவர்களுள் ஒருவர் பின்னாளில் கூறினார். இதை என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னபோது, “இவ்வளவுதானா, சார்?” என்றாள் ஒரு சிறுமி. சுண்ணக்கட்டித் தூளை இரண்டு கரண்டி அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து, “இதை யாரும் காணாமல் வாசல் வரை கொண்டு போ, பார்க்கலாம்” என்றேன். நாலடி நடப்பதற்குள் விரலிடுக்கில் சிந்திவிட்டது.

1944 அக்டோபர் 7-ஆம் நாள், தங்களைக் கொல்ல ஆள் பொறுக்குகிறார்கள் என்று உணர்ந்த கைதிகள் கோடரி, சுத்தியல், கற்களுடன் காவலர்மீது பாய்ந்தனர். நான்காம் தகனக் கூடம் தீப்பற்றி எரிந்தது. அது மறுபடி இயங்கவேயில்லை. காவலர் மூவர் மாண்டனர். கைதிகள் தரப்பில் ஏறத்தாழ 450 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சுமார் 200 பேர் சண்டை ஓய்ந்த பிறகு சுட்டுக் கொல்லப்பட்டவர்கள்.

விசாரணை தொழிற்சாலைவரை வந்தது. நான்கு பெண்களும் பிடிபட்டனர். என் மனத்தில் ரோசாவை உயர்த்துவது இதன்பின் நடந்ததுதான். மருந்து யார் யாரிடம் போயிற்று என்பது அவருக்குத் தெரியும். கடுமையாக வதைத்தார்கள். உயிரோடிருந்த எவருடைய பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சிறைக்கூடத்துக்குள் இரகசியமாக வந்து அவரைப் பார்த்த நோவாவிடமும், தம்மால் இனி யாரும் பிடிபட மாட்டார்கள் என்றே உறுதி கூறினார். அந்த நோவாவும் அவர் காத்துக்கொடுத்தவர்களுள் ஒருவர்தாம்!

1945 ஜனவரி முதல் வாரத்தில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். பகல் வேலைக்காரர்கள் பார்க்க இருவர், இரவு வேலைக்காரர்கள் பார்க்க இருவர். ரோசாவுக்கு அப்போது 23 வயது. நச்சுவாயுக் கொலைகளோ இரண்டு மாதங்களுக்கு முன்பே நின்றுபோயிருந்தன. நாஜிகளே தகனக் கூடங்களைப் பிரித்துக்கொண்டிருந்தனர். ஜனவரி 27-ஆம் நாள் சோவியத் படை முகாமை விடுவித்தது. எஸ்தரின் தங்கையும் மருந்து கடத்தியவரே. அவர் உயிர் தப்பி, பிற்காலத்தில் கனடாவில் குடியேறி, அக்காள் செய்ததையும் தோழியர் செய்ததையும் நூலாக எழுதிவைத்தார்.