தொங்கு விளக்கு மோகம்: கொக்கியைப் பார்க்காமல் வாங்கினால் தலைக்கு ஆபத்து!

சென்னையில் புது பிளாட் வாங்குகிறவர்களை இப்போது ஒரு மோகம் பிடித்து ஆட்டுகிறது. அதுதான் தொங்கு விளக்கு!

சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒன்று. கட்டிலுக்கு இரு பக்கமும் இரண்டு. சமையல் மேடைக்கு மேலே வரிசையாக மூன்று. கடைகளில் இதற்கு "பெண்டன்ட்" என்று பெயர். "ஹேங்கிங் லைட்" என்றும் சொல்வார்கள்.

கடைக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் நூறு விளக்கு எரிகிறது. எதைப் பார்த்தாலும் அழகு. மனைவி ஒன்றைக் கை காட்டுவார். கணவர் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "சார், இது இப்பதான் வந்த மாடல்" என்பார் கடைக்காரர். பில் போட்டாயிற்று!

மறுநாள் எலெக்ட்ரீசியன் வருவார். ஏணியில் ஏறி மேலே தட்டிப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "கொக்கி எங்கே சார்?"

வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பலகையை நம்பாதே!

புது வீடுகளில் பலவற்றில் மேலே தெரிவது கான்கிரீட் தளம் அல்ல. அதற்குக் கீழே மாட்டிய பால்ஸ் சீலிங். ஜிப்சம் பலகையைத் தகரப் பட்டையில் திருகி, பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பட்டை பலகையின் எடையைத் தாங்குவதற்காகப் போட்டது. அதில் கண்ணாடி விளக்கை மாட்டினால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து! திருகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பலகையில் மயிரிழை போல விரிசல் விடும். பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கீழே வரும். கீழே சாப்பாட்டு மேஜை. அதைச் சுற்றி வீட்டுக் குழந்தைகள்.

எனவே விளக்கின் பாரம் கான்கிரீட் தளத்தில்தான் இறங்க வேண்டும். தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்து, அதில் இருந்து கம்பியோ சங்கிலியோ பலகை வழியாகக் கீழே வர வேண்டும். மரக் கட்டையை அடித்துத் திருகு முடுக்கும் பழைய வேலை இதற்கு உதவாது. பால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்பே இதைச் செய்து விட்டால் செலவு குறைவு. போட்ட பிறகு என்றால் பலகையை அறுக்க வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். விளக்கின் விலையை விட இந்தச் செலவு அதிகமாகி விடும்!

இன்னொன்று. வயர் மின்சாரத்தைத் தாங்கத்தான். எடையைத் தாங்க அல்ல. மெல்லிய வயரிலேயே மூன்று கிலோ, நாலு கிலோ குடையைத் தொங்க விட்டு விற்கிறார்கள். வயருக்குப் பக்கத்திலோ உள்ளேயோ எஃகுக் கம்பி ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இது பழைய காலத்து ஆட்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கோவில் தூண்டாமணி விளக்கைப் பாருங்கள். கனமான பித்தளைச் சங்கிலி. செட்டிநாட்டு வீடுகளில் வெளிநாட்டுக் கண்ணாடி சரவிளக்குகளைத் தொங்க விட்டவர்களும் முதலில் உத்தரத்தில் இரும்புக் கொக்கி போட்டார்கள். பிறகுதான் விளக்கு.

எவ்வளவு உயரம்?

சரி, கொக்கி இருக்கிறது. எவ்வளவு கீழே தொங்க விடுவது?

சாப்பாட்டு மேஜை ஏறக்குறைய 2½ அடி உயரம். மேஜைப் பலகைக்கும் விளக்கின் அடிப்பாகத்துக்கும் 2½ அடியில் இருந்து 3 அடி இடைவெளி இருந்தால் போதும். அதாவது விளக்கின் அடி, தரையில் இருந்து 5 அல்லது 5½ அடியில் நிற்கும். அதற்கு மேலே போனால் பல்பு கண்ணில் அடிக்கும். கீழே வந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் மாமனாரின் முகம் தெரியாது!

வீட்டின் தளம் 9½ அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். குடையின் உயரம் ஓர் அடி. விளக்கின் அடி 5¼ அடியில் நிற்க வேண்டும் என்றால், வெளியே தெரிய வேண்டிய வயர் 3¼ அடி. மீதி வயரைச் சுருட்டி மேலே கிண்ணத்துக்குள் திணிக்கக் கூடாது. அளந்து வெட்டித்தான் முடுக்க வேண்டும். ஆனால் உயரம் உறுதியான பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய வயர் வளராது.

அகலத்துக்கும் கணக்கு உண்டு. மேஜையின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மிஞ்சாமல் குடை இருந்தால் பார்வையாக இருக்கும். 3 அடி அகல மேஜைக்கு 1½ அடியில் இருந்து 2 அடி வரை. 6 அடி நீள மேஜை என்றால் பெரிய விளக்கு ஒன்றுக்குப் பதில் சின்னதாக மூன்று போடலாம். ஒன்றுக்கொன்று 2 அடி தள்ளி. இரண்டு ஓரத்திலும் ஓர் அடி மிச்சம்.

கடைக்குப் போகும் முன்பு பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையைக் குடை அளவுக்கு வெட்டுங்கள். சணல் கயிற்றில் கட்டி, நினைத்த உயரத்தில் இரண்டு நாள் தொங்க விடுங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு வாருங்கள். அட்டை முகத்தில் பட்டால், நாளைக்குக் கண்ணாடியும் படும்!

மேஜை நகர்ந்தால்?

இதை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை. படத்தில் பார்க்கும் வெளிநாட்டு வீட்டில் சாப்பாட்டு மேஜை போட்ட இடத்திலேயே கிடக்கிறது. நம் வீட்டில் அப்படியா? பிறந்த நாள் வந்தால் மேஜை சுவர் ஓரம் போகும். ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மேஜையை ஒதுக்கி விட்டுப் பாய் விரிக்க வேண்டும். விசேஷம் என்றால் தரையில் பந்தி.

மேஜை போய் விடும். விளக்கு போகுமா? 5¼ அடி உயரத்தில் நடு வீட்டில் அந்தரத்தில் நிற்கும். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவரின் நெற்றியில் "ணங்"!

ஆள் நடமாடும் இடத்தில் விளக்கின் அடி 7 அடிக்குக் கீழே இறங்கவே கூடாது. மேஜையை அடிக்கடி நகர்த்துகிற வீடாக இருந்தால் ஏற்றி இறக்கும் வகை விளக்கு வாங்கலாம். அல்லது தளத்தில் ஓரமாக இன்னொரு கொக்கி போட்டு, தேவைப்படும்போது வயரை இழுத்து அதில் மாட்டி விடலாம். இரண்டும் முடியாதா? தொங்கு விளக்கு ஆசையை விட்டு விட்டு, தளத்தோடு ஒட்டிய விளக்கு போடுவதே மேல்.

மின்விசிறியோடு சண்டை

ஹாலுக்கு நடுவில் கட்டும்போதே போட்ட ஒரு கொக்கி இருக்கும். கான்கிரீட்டோடு சேர்த்துப் போட்டது. நல்ல பலம். ஆனால் அது மின்விசிறிக்கு! சென்னை வெயிலில் விசிறியைக் கழற்றி விட்டு விளக்கு மாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆகவே விளக்கு விசிறிக்குப் பக்கத்தில் எங்கேயாவது வருகிறது. 48 அங்குல விசிறியின் றெக்கை நடுவில் இருந்து 2 அடி வரை நீளும். அதன் காற்றில் வயரில் தொங்கும் விளக்கு ஊஞ்சல் ஆடும். சுவரில் நிழலும் சேர்ந்து ஆடும். சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும். அது கூடப் பரவாயில்லை. ஆடி ஆடி மேலே வயர் முடுக்கிய இடம் தளர்ந்து போகும். அங்கேதான் பொறி பறக்கும்.

விசிறியின் நடுவில் இருந்து குறைந்தது 4 அடியாவது தள்ளி விளக்கை வைக்க வேண்டும். இடம் இல்லையா? வயருக்குப் பதில் குழாயில் தொங்கும் விளக்காக வாங்க வேண்டும். இலேசான பிரம்புக் கூடையும் காகிதக் குடையும் விசிறி உள்ள அறைக்கு ஆகாது. விளக்கு றெக்கைக்கு மேலே இருந்தாலும் தொல்லைதான். றெக்கை சுற்றச் சுற்ற வெளிச்சம் வெட்டி வெட்டி விழும்.

கண் கூசும் பல்பு

உள்ளே பல்பு தெரிகிற கண்ணாடி உருண்டைகளுக்குத்தான் கடையில் கிராக்கி. அணைத்திருக்கும்போது அழகுதான். எரிந்தால்? எதிரே உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கிக் கொண்டு சாப்பிட வேண்டும்.

டென்மார்க்கில் பவுல் ஹென்னிங்சன் என்பவர் இதற்காகவே மண்டையை உடைத்துக் கொண்டார். அவர் 1958-ல் செய்த "பி.எச்.5" விளக்கில், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. தகடுகளை அடுக்கி வெளிச்சத்தை மட்டும் கீழே இறக்கினார். வாங்கும்போது அந்த விளக்குதான் வேண்டும் என்பதில்லை. உட்கார்ந்த உயரத்தில் இருந்து பல்பு மறைகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்!

வெளிச்சத்தின் நிறம் பெட்டியிலேயே போட்டிருக்கும். 2700, 3000 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பு போல இளமஞ்சள். 6500 என்றால் வெள்ளை வெளேர். "வெள்ளைதான் சார் பிரகாசம்" என்பது நம் ஊர் நம்பிக்கை. படிக்கிற மேஜைக்கு அது சரி. சாப்பாட்டு மேஜைக்கு மேலே 6500 போட்டால் சாம்பார் சாம்பல் அடித்தது போல இருக்கும்.

'ஷாக்' எங்கே ஒளிந்திருக்கிறது?

இதுதான் முக்கியம். குடை இரும்பாகவோ பித்தளையாகவோ இருந்தால் எர்த்து வயர் கட்டாயம் வேண்டும். ஆனால் பழைய கட்டிடங்களில் விளக்குப் பாயிண்டுக்கு இரண்டு வயர்தான் வந்திருக்கும். பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. பச்சை வயர் இருக்காது. எலெக்ட்ரீசியனும் அவசரத்தில் விளக்கின் பச்சை வயரை வெட்டி டேப் சுற்றி விட்டுப் போய் விடுவார்.

விளக்கு ஜோராக எரியும். என்றைக்காவது உள்ளே வயரின் தோல் உரிந்து தகட்டில் பட்டால் குடை முழுவதும் மின்சாரம். ஈரத் துணியால் தூசி துடைக்கிற அம்மாவின் கைக்குத்தான் அது முதலில் கிடைக்கும்!

அடுத்தது ஹோல்டர். நம் வீட்டுப் பல்பு ஆணி வைத்தது. தொங்கு விளக்குகளில் பெரும்பாலும் மரை வைத்த ஹோல்டர். அதில் நடுப் பொட்டுக்குத்தான் பேஸ் வர வேண்டும். சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஆனால் பல்பு மாற்றும்போது விரல் மரையில் பட்டால் 'ஷாக்' அடிக்கும். சுவிட்சும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். இல்லா விட்டால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. எலெக்ட்ரீசியனை ஏணியில் இருந்து இறங்க விடும் முன்பு கேட்டு வாங்குங்கள்.

மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் மின்சாரம் கசிந்த கணமே தானாக விழுந்து விடும். இல்லாத வீட்டில் விளக்குக்கு முன்னால் அதை வாங்க வேண்டும். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விசிறி ரெகுலேட்டரை இணைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எல்.இ.டி. பல்பு துடிதுடித்துச் செத்துப் போகும்.

பில் எகிறும்!

பழைய காலத்துக் கம்பி பல்பு என்று 40 வாட் பல்புகளை அழகுக்காக மாட்டுகிறார்கள். மூன்று பல்பு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்.  அதே தோற்றத்தில் 4 வாட் எல்.இ.டி. கம்பி பல்பு கிடைக்கிறது. அதற்கு 3.6 யூனிட் போதும்.

சமையல் அறையில் மூன்று விளக்கு தொங்க விடுகிறவர்கள் தாளிப்பை மறந்து விடுகிறார்கள். எண்ணெய்ப் புகை படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, மூன்றே மாதத்தில் பிசுபிசுவென்று ஆகி விடும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம். பூஜை அறையில் துணிக் குடை, காகிதக் குடை கூடாது. கற்பூரம் ஏற்றுகிற இடம்!

மேல் பக்கம் திறந்த கிண்ண வடிவ விளக்கு வாங்கினால் மழை விட்ட மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். உள்ளே கை நிறைய ஈசல் செத்துக் கிடக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பித்தளை முலாம் பூசிய இரும்பு விளக்கு உப்புக் காற்றில் சீக்கிரம் துருப் பிடித்து விடும். கண்ணாடி, எவர்சில்வர், அசல் பித்தளை தாக்குப் பிடிக்கும்.

மேல் மாடிக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். மொட்டை மாடி ஒழுகினால் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. தளத்துக்குள் ஓடும் வயர்க் குழாயைப் பிடித்துக் கொண்டு விளக்கு மாட்டிய இடத்துக்கு வந்து, வயர் வழியாகக் குடைக்குள் இறங்கும். குடையில் இருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் மெயினை அணைக்க வேண்டும். பிறகு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். ஒழுகலை அடைத்து, குழாய் நன்றாகக் காயும் வரை சாப்பாட்டு மேஜைக்கு ஓரத்துச் சுவர் விளக்கே போதும்.