சொந்த ஊரில் நெருப்பு வைத்த அட்மிரல்

1971 யுத்தம் என்றதும் எல்லோரும் பட்டென்று சொல்கிற பெயர் மானெக்‌ஷா. அந்த மீசையை மறக்க முடியுமா! அப்போது கடற்படைக்கு யார் தலைவர் என்று நண்பரின் ஆபீஸ் கேன்டீனில் கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது ஆசாமி வடையைப் பிட்டபடி, "கடல்ல எங்க ஸார் சண்டை நடந்துச்சு?" என்றார்.

நடந்தது ஸார். நடத்தியவர் அட்மிரல் எஸ்.எம். நந்தா.

கராச்சித் துறைமுகத்தின் வாசலில் இருக்கிற மனோரா தீவில் வளர்ந்தவர். அந்தத் துறைமுகத்திலேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவர். 1941-ல் கடற்படையில் சேர்ந்தார். 1947-ல் கோடு கிழித்தார்கள். ஊர் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். 1970 மார்ச்சில் கடற்படைத் தளபதி.

கடற்படைக்கு ஒரு பழைய கடுப்பு இருந்தது. 1965 யுத்தத்தில் பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகை வரை வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. நம் கப்பல்களுக்கோ, போர்பந்தருக்கு வடக்கே போகக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கையைக் கட்டிவிட்டு ஏண்டா நீஞ்சலை என்று கேட்ட கதை!

1971 அக்டோபரில் நந்தா பிரதமர் இந்திரா காந்தியைப் பார்த்தார். இங்கேதான் கவனிக்கணும். 'கராச்சியைத் தாக்கட்டுமா?' என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஃபைல் சுற்ற ஆரம்பித்திருக்கும். தாக்கினால் அரசியல்ரீதியாக ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டார். அம்மையார் சற்று யோசித்துவிட்டு, போர் என்று வந்தால் போர்தான் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் பர்மிஷன்! (மானேஜரிடம் லீவு கேட்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

கையில் இருந்ததோ ரஷ்யாவிடம் வாங்கிய ஏவுகணைப் படகுகள். சொந்தக் கரையைக் காவல் காக்கச் செய்தவை. ரொம்ப தூரம் போகாது. அவற்றின் எடையைத் தூக்கும் கிரேன் பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, கடல் வழியே பம்பாய்க்குக் கட்டி இழுத்து வந்தார்கள். அத்தனை தூரம் இழுக்க முடியுமென்றால் கராச்சி எம்மாத்திரம்?

டிசம்பர் 4 ராத்திரி. நிர்கட், நிபட், வீர் என்று மூன்று படகுகள். ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நம் பையன்கள் ரேடியோவில் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். ஒட்டுக் கேட்பவன் குழம்பட்டுமே! கைபர் என்ற போர்க்கப்பலும், முஹாஃபிஸ் என்ற கடற்கண்ணி அகற்றும் கப்பலும் மூழ்கின. டிசம்பர் 8 ராத்திரி வினாஷ் என்ற படகு போயிற்று. கீமாரி எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. இரண்டு தாக்குதலிலும் நம் படகு ஒன்றுகூடப் போகவில்லை.

சந்தோஷம் நீடித்தது ஒரே நாள். 9-ம் தேதி ராத்திரி நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்தது. அதில் போனவர்கள் 194 பேர்.

மனோராவிலிருந்து படகேறினால் போய் இறங்குகிற கரை கீமாரி. சின்ன வயதில் நந்தாவுக்குத் தெரிந்த கரை. 2004-ல் வந்த தன் சுயசரிதைக்கு 'கராச்சியில் குண்டு போட்ட மனிதன்' என்ற அர்த்தத்தில்தான் ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தார். 2009 மே மாதம், 93 வயதில் காலமானார்.

எல்லாவற்றையும் கேன்டீனில் சொல்லி முடித்தேன். வடை ஆசாமி டீயைக் கீழே வைத்தார்.

"அந்தப் பர்மிஷன் கேட்ட இடம் இருக்கே... அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க ஸார்!"