அன்னைக்கு உகந்த திராட்சை மது

பிரான்சு தேசத்திலே அன்னையர் தினத்துக்குச் சட்டமே உண்டு. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மே மாதத்தின் இறுதி ஞாயிறு. அன்று பெந்தகோஸ்துத் திருநாள் வருமாயின், யூன் மாத முதல் ஞாயிறு. விருந்திலே திராட்சை மது பரிமாறுவது அந்நாட்டார் பலரின் வழக்கம்.

எதனைத் தெரிந்தெடுப்பது? விலையிலும் பார்க்க அன்னையின் சுவையை நோக்குவதே முறை. ஷாம்பேன் போத்தலில் ‘புரூட்’ என்றிருப்பின், லீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்த சர்க்கரையே இருக்கும். ‘டெமி-செக்’ என்றிருப்பின் 32 முதல் 50 கிராம் வரை இருக்கும். இனிப்பை விரும்பும் தாய்க்குப் ‘புரூட்’ வாங்கிவரும் மகன், தன் விருப்பத்தையே வாங்கியவனாவான். போர்தோப் பகுதியின் சோத்தேர்ன் மதுவும் இனியதே.

ஷாம்பேனின் வரலாற்றிலே ஒரு தாயின் உழைப்பும் உண்டு. பார்ப்-நிக்கோல் கிளிக்கோ அம்மையார் 1805இல், தமது 27ஆம் வயதில், கணவனை இழந்தார்; சிறு மகளோடு தனித்து நின்று வாணிகத்தை ஏற்று நடத்தினார். போத்தல்களைத் தலைகீழாக நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்தில் சேர்த்து அகற்றும் முறை அவரது நிலவறையிலே உருவாயிற்று, மதுவும் தெளிந்தது.

மதுவை நாம் நாடாதிருக்கலாம். ஆயினும், நம் அன்னைக்கு விருப்பமானது யாதென நம்முள் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்?