மருந்து மருத்துவரிடம், துணிவு தோழியரிடம்: மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் சிகிச்சை

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு அது முற்றிலும் நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கிடுகிறது. மெனோபாஸ் என்று பரவலாக அறியப்படும் இந்த மாற்றம் உலகின் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் ஏற்படுகிறது. இந்தியப் பெண்களுக்கோ சராசரியாக 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. இது ஒரே நாளில் நடந்து முடிகிற நிகழ்ச்சி அன்று. சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்டிரோன் என்னும் இரண்டு ஹார்மோன்களின் அளவு ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்கி, இறுதியில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உடல் குபீரென்று சூடேறி வியர்ப்பது, நள்ளிரவில் உறக்கம் கலைவது, காரணம் புரியாத படபடப்பும் எரிச்சலும், மறதி, மூட்டுவலி, பிறப்புறுப்பில் வறட்சி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று எனப் பல தொல்லைகள் இக்காலத்தில் தலைகாட்டுகின்றன. சிலர் இவற்றில் எதையுமே உணராமல் இப்பருவத்தைக் கடந்துவிடுகின்றனர். வேறு சிலருக்கோ வேலையையும் குடும்ப உறவையும் குலைக்கும் அளவுக்கு இவை முற்றுகின்றன.

இத்தொல்லைகளுள் மிகுதியாகப் பேசப்படுவது, மருத்துவர்கள் வெப்ப அலை என்று குறிப்பிடும் அந்தத் திடீர்ச் சூடு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதிதான் உடலின் வெப்பநிலையைக் கண்காணிக்கிறது. அங்குள்ள சில நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் கட்டுக்குள் வைத்திருக்கிறது; அதன் அளவு குறையும்போது அச்செல்கள் அளவுமீறித் தூண்டப்படுவதால், உடல் வெப்பத்தில் ஏற்படும் மிகச் சிறிய உயர்வையும் பெரும் வெப்பம் என்று மூளை தவறாகக் கருதி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்கி உடலைக் குளிர்விக்க முயல்கிறது. ஆகவே இது மனக்கோளாறும் அன்று, கற்பனையும் அன்று. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி வெப்ப அலைக்கு ஆளான பெண்களுள் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்ததாகத் தெரியவந்தது. இத்தனை ஆண்டுத் துன்பத்தை, வயதானால் வருவதுதான் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

சிகிச்சையும் அதன் வரலாறும்

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்து ஈடுசெய்வதே ஹார்மோன் ஈடுசெய் சிகிச்சை எனப்படுகிறது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கப் புரொஜெஸ்ட்டிரோனோ அதைப் போன்று செயல்படும் வேறொரு மருந்தோ உடன் சேர்க்கப்படுகிறது. கருப்பையை அறுவை சிகிச்சை மூலம் அகற்றிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதுமானது. இம்மருந்து மாத்திரையாகவும், தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும், தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. வறட்சியும் சிறுநீர்த் தொல்லையும் மட்டுமே இருப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பே போதும். அது இரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு.

இச்சிகிச்சையின் வரலாறு மிகை நம்பிக்கைக்கும் மிகை அச்சத்துக்கும் இடையே ஊசலாடியிருக்கிறது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு 1942-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டால் என்றென்றும் இளமை நிலைக்கும் என்ற கருத்தில் எழுதிய நூல் பெரும் விற்பனை கண்டு, அம்மருந்தின் பயன்பாட்டைப் பெருக்கியது. 1975-இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொள்வதற்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. புரொஜெஸ்ட்டிரோன் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வேரூன்றிய பின்னரே சிகிச்சை மீண்டும் தலைநிமிர்ந்தது.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 2002 ஜூலையில் வெளியான, பெண்கள் உடல்நல முன்முயற்சி என்னும் அமெரிக்க ஆய்வின் முடிவு. கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து நடத்தப்பட்ட அந்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதால் சராசரியாக 5.2 ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் பரவியதும், இலட்சக்கணக்கான பெண்கள் மருந்தைக் கைவிட்டனர். மருத்துவர்களும் எழுதித்தரத் தயங்கினர். ஆனால், ஆண்டொன்றுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்றுநோய், மருந்து உட்கொண்டவர்களில் 38 பேருக்கு வந்தது என்பதே அந்த ஆய்வு சொன்ன கணக்கு. இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10-ஆகக் குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அதாவது, பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்தவர்கள். 50 வயதில் தொல்லைகளோடு மருத்துவரை நாடும் பெண்ணின் நிலை வேறு, இதயக் குழாய்கள் முதுமை எய்திய பின் மருந்தைத் தொடங்கியவரின் நிலை வேறு என்பது அப்போது பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. அதே பெண்களை 18 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வறிக்கை, மருந்து உட்கொண்டவர்களுக்கும் உட்கொள்ளாதவர்களுக்கும் மொத்த இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று தெரிவித்தது. 2003 முதல் இம்மருந்துகளின் விவரக்குறிப்பில் அச்சிடப்பட்டுவந்த கடுமையான எச்சரிக்கைகளுள் பலவற்றை நீக்கும் நடவடிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது.

இன்று பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் ஏற்கும் நிலைப்பாடு இதுதான்: 60 வயதுக்கு உட்பட்டவராகவோ மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதவராகவோ இருந்து, தடை எதுவும் இல்லாத பெண்ணுக்கு, தொல்லை தரும் அறிகுறிகளைப் போக்குவதில் இச்சிகிச்சையின் நன்மை ஆபத்தைவிட மிகுதி. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு ஆளானவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோர் பொதுவாக இதைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை கல்லீரல் வழியே சென்று இரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டுகிறது. தோல் வழியே செல்லும் பட்டையும் ஜெல்லும் வழக்கமான அளவில் அவ்வாறு செய்வதில்லை என்பதால், உடல் பருமனும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் அவற்றையே பரிந்துரைக்க முற்படுகின்றனர். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும், இளம் வயதிலேயே சினைப்பைகள் அகற்றப்பட்டவர்களுக்கும் எலும்பையும் இதயத்தையும் காக்கும் பொருட்டு, தடை இல்லாதவரை, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது இச்சிகிச்சை தேவைப்படுகிறது.

முதல் மூன்று மாதங்கள்

மருந்துச் சீட்டைப் பெறுவதோடு சிகிச்சை தொடங்கிவிட்டதாகத் தோன்றினாலும், உண்மையான சோதனை அதற்குப் பிறகே வருகிறது. வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டிய பட்டையை இடுப்புக்குக் கீழே, புட்டத்திலோ அடிவயிற்றிலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். மார்பின் மேல் ஒட்டவே கூடாது. எண்ணெயோ பவுடரோ பூசிய தோலில் அது ஒட்டாது என்பதால், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ளவர்கள் தோலை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஜெல்லை மேற்கையின் வெளிப்புறத்திலோ தொடையின் உட்புறத்திலோ மெல்லிதாகப் பரப்பி, உலர்ந்த பின்பே உடையணிய வேண்டும். ஈரம் காயுமுன் குழந்தைகளின் தோல் அவ்விடத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புரொஜெஸ்ட்டிரோன் மாத்திரை தூக்கக் கலக்கத்தைத் தரும் என்பதால் அதை இரவில் உட்கொள்ளச் சொல்கின்றனர். உறக்கமின்மையால் வாடும் பெண்ணுக்கு அதுவே ஒரு நன்மையாகவும் அமைந்துவிடுகிறது.

தொடக்கத்தில் மார்பில் வலி, வயிற்றுப் பிரட்டல், தலைவலி, நின்றுபோன உதிரம் சிறு கறையாக மீண்டும் தலைகாட்டுவது போன்றவை நேரலாம். இவற்றுள் பெரும்பாலானவை மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடுகின்றன. மருந்தின் முழுப் பயனும் தெரியவர ஏறக்குறைய அதே கால அளவு ஆகும் என்பதால், மூன்றாம் மாத முடிவில் மருத்துவரை மீண்டும் கண்டு, மருந்தின் அளவையோ வடிவத்தையோ மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வது வழக்கம்; அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். உதிரப்போக்கு மிகுதியாக இருந்தாலோ, ஆறு மாதங்களுக்குப் பின்னும் தொடர்ந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்தின் பயன் தெரியுமுன் பக்க விளைவு தெரிந்துவிடுகிற இந்த முதல் மூன்று மாதங்களில்தான், துணையற்ற பெண்கள் மனம் தளர்ந்து சிகிச்சையைக் கைவிட்டுவிடுகின்றனர்.

கடந்துவந்தவர்களின் துணை

ஒரே நிலையைக் கடந்துவந்தவர்கள் ஒருவருக்கொருவர் தரும் ஆதரவின் மதிப்பு இந்த இடத்தில்தான் புலப்படுகிறது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ரேச்சல் வெய்ஸ் என்னும் மனநல ஆலோசகர் 2017 ஜூனில் மெனோபாஸ் கஃபே என்ற பெயரில் ஒரு கூட்டத்தை நடத்தினார். தேநீரும் கேக்கும் வைத்துக்கொண்டு, முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து மாதவிடாய் நிற்பது பற்றி மனம்விட்டுப் பேசுவதே அதன் நோக்கம். அங்கே சொற்பொழிவு கிடையாது. எந்த மருந்தையும் பொருளையும் விற்க இடமில்லை. எந்த முடிவை நோக்கியும் எவரையும் தள்ளுவதில்லை. ஆண்களும் இளையோரும்கூட வரலாம். எளிமையான அந்த ஏற்பாடு பெர்த்தோடு நிற்காமல் பிரிட்டனின் பிற ஊர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பரவியது. அதே ஆண்டுகளில் பிரிட்டனில் இது பற்றிய பொதுப்பேச்சு வலுப்பெற்று, ஹார்மோன் சிகிச்சை கேட்டு வரும் பெண்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. 2022-இல் சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தி ஹார்மோன் மருந்துகளைப் பெறும் தனித் திட்டத்தை 2023 ஏப்ரலில் இங்கிலாந்து கொண்டுவந்தது. வாய்திறந்து பேசுவது அரசின் கொள்கை வரை எட்டும் என்பதற்கு இது சான்று.

இத்தகைய துணை தருவது மூன்று நன்மைகளை. முதலாவது, எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று இன்னொருத்தி சொல்லக் கேட்கும்போது, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற அச்சம் நீங்கி, அறிகுறிகளை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லும் துணிவு பிறக்கிறது. இரண்டாவது, மருத்துவர் தரும் சில நிமிடங்களில் கேட்க வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்லவும், வெப்ப அலை எத்தனை முறை வந்தது, எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது என்று குறிப்பேட்டில் பதிந்து வைக்கவும் அனுபவமுள்ளவர்கள் கற்றுத்தருகின்றனர். மூன்றாவது, முதல் மூன்று மாதங்களின் சில்லறைத் தொல்லைகள் தணியும் என்ற நம்பிக்கையை, அதைக் கடந்து வந்தவரின் சொல் தருவதுபோல் அச்சிட்ட துண்டறிக்கை எதுவும் தருவதில்லை.

ஆயினும் இந்தத் துணைக்கு எல்லை உண்டு. அதை மறந்தால் நன்மையே தீங்காகிவிடும். ஒருவருக்கு ஒத்துக்கொண்ட அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. தோழியின் பட்டையையோ மாத்திரையையோ கடன் வாங்கிப் பயன்படுத்துவது, அவர் பேச்சைக் கேட்டு அளவைக் கூட்டுவது, கருப்பை உள்ளவர் புரொஜெஸ்ட்டிரோனை விட்டுவிடுவது ஆகியவை ஆபத்தானவை. ஹார்மோன் சிகிச்சையை விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவதும், தொடங்கியவரை அச்சுறுத்துவதும் துணையின் வேலை அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைப் போல ஹார்மோன் உட்கொள்ள இயலாத பெண்களுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், ஹார்மோன் அல்லாத சில மருந்துகளும் உள்ளன. வெப்ப அலையைத் தூண்டும் நரம்புச் செல்களின் மீதே செயல்படும் ஃபெசோலினிடன்ட் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஹார்மோன் உட்கொள்ளாத பெண்களுக்கும் இக்கூட்டங்களில் சம இடம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கெனப் புதிய அமைப்பு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் வேரூன்றியிருக்கிறது. அக்குழுக்களில் 40 வயதைக் கடந்த பெண்கள் நிறையவே உள்ளனர். சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரத்தை இப்பேச்சுக்கு ஒதுக்கி, அவ்வப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டால் போதும். இளம் வயதிலேயே கருப்பையோடு சினைப்பைகளையும் அகற்றிக்கொண்டு, அதன் விளைவு என்னவென்றே அறியாமல் தவிக்கும் பெண்களுக்கு இத்தகைய பேச்சு இன்னும் அவசரத் தேவை.

மருந்து வேண்டுமா வேண்டாமா, எது, எவ்வளவு என்பதை மருத்துவரும் அப்பெண்ணும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வரும் துணிவையும், எடுத்த முடிவில் நிலைத்து நிற்கும் பொறுமையையும் உடன் நிற்கும் பெண்களால் தர முடியும். இப்பருவத்தைக் கடந்துவிட்ட ஒவ்வொரு பெண்ணும், அதற்குள் அடியெடுத்து வைக்கும் தங்கையிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ தான் பட்டதை மறைக்காமல் சொல்ல முன்வர வேண்டும். கூச்சத்தால் காக்கப்படும் மௌனத்தால் இதுவரை எந்தப் பெண்ணின் துன்பமும் குறைந்ததில்லை.